தாய் மெலிந்தால் சேய் தழைக்குமா?

1950-51-ஆம் வருஷத்தில் நமது தேசத்தின் உணவு தானிய விளைவு ஏறக்குறைய 5 கோடி டன். 2023-24-இல் அது 33 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. இடையில் ஜனத்தொகை நான்கு மடங்காயிற்று. தானியமோ ஆறு மடங்குக்கு மேல் பெருகிற்று. அமெரிக்கக் கோதுமைக் கப்பல் எப்போது வரும் என்று துறைமுகத்தை நோக்கிக் காத்திருந்த தேசம், இன்று அயல் நாடுகளுக்கு அரிசியை அனுப்புகிறது. குடியானவர்களின் உழைப்பாலும் விஞ்ஞானிகளின் அறிவாலும் விளைந்த இப்பெருமையைக் குறைத்துப் பேச நமக்கு எண்ணமில்லை. ஆனால், களஞ்சியம் நிரம்பிய தேசத்தில் கர்ப்பிணியின் வயிறு நிரம்பியிருக்கிறதா என்று கேளாமலிருப்பது பத்திரிகை தர்மமாகாது. ஆகவே கேட்கிறோம்.

2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு இக்கேள்விக்கு விடை கூறுகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் நூற்றுக்கு 35.5 வீதம் வயதுக்கேற்ற உயரமில்லாதவை. நூற்றுக்கு 19.3 வீதம் உயரத்துக்கேற்ற எடையில்லாதவை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 67.1 வீதம் ரத்தசோகை பீடித்தவை. இந்த ரத்தசோகைக் கணக்கு 2015-16-இல் 58.6 ஆக இருந்தது. அதாவது, உயரக் குறைவும் எடைக் குறைவும் சிறிது தணிந்திருக்க, ரத்தசோகை மட்டும் ஏறியிருக்கிறது.

உயரக் குறைவு என்றால் அழகில் ஏற்பட்ட குறை என்று சிலர் நினைக்கலாம். அது பெருந்தவறு. இரண்டு வயதுக்குள் சரியான போஷணையின்றி வளர்ச்சி குன்றிய குழந்தை, பின்னர் எவ்வளவு உண்டாலும் இழந்ததை முழுவதும் மீட்பது அரிது. எலும்பு குன்றும் அதே காலத்தில்தான் மூளையும் வளரவேண்டியிருக்கிறது. அக்குழந்தை பள்ளிக்கூடத்தில் பின்தங்குகிறது. வளர்ந்தபின் உழைப்புச் சக்தியிலும் சம்பாத்தியத்திலும் பின்தங்குகிறது. நோய்க்கு எளிதில் இரையாகிறது. பெண்ணாயின், தானும் மெலிந்த தாயாகி மெலிந்த குழந்தையைப் பெறுகிறது. வறுமையைப் பரம்பரைச் சொத்தாக்கும் வழி இதைவிட வேறென்ன இருக்கிறது?

நியாயமாகப் பேச வேண்டுமானால், தேசம் அடைந்த முன்னேற்றத்தையும் சொல்லவேண்டும். ஸர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த கமிட்டி 1946-இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். 1937-இல் பிறந்த ஆயிரம் சிசுக்களில் 162 ஒரு வயது காணாமல் இறந்தன. ஆயிரம் பிரசவத்துக்கு 20 தாய்மார் உயிரிழந்ததாகக் கமிட்டி கணக்கிட்டது. 2023-இல் சிசு மரணம் ஆயிரத்துக்கு 25. 2018-20-இல் தாய் மரணம் லட்சம் பிரசவத்துக்கு 97. இது சாமானியமான வெற்றியல்ல. மருத்துவச்சிகளும், கிராம செவிலியரும், தடுப்பூசியும், ஆஸ்பத்திரியும் யமனைக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். உயிரோடு காப்பாற்றிய பிள்ளையை உடலோடும் அறிவோடும் வளர்க்கும் வேலைதான் மீதி நிற்கிறது. அந்த வேலை எங்கே ஆரம்பமாகவேண்டும் என்பதில்தான் நமது சர்க்கார்களும் சமூகமும் வழி தவறியிருப்பதாக நாம் கருதுகிறோம்.

குழந்தையின் பட்டினி அது பிறந்த பிறகு ஆரம்பிப்பதில்லை. கர்ப்பந் தரித்த நாள் முதல் இரண்டாம் பிறந்த நாள் வரையுள்ள ஆயிரம் நாட்களே உடலுக்கும் மூளைக்கும் அஸ்திவாரமிடும் காலம் என்று வைத்திய சாஸ்திரம் கூறுகிறது. அந்த ஆயிரத்தில் முதல் 270 நாட்கள் சிசுவுக்குத் தனி ஆகாரம் கிடையாது; தாய் உண்டதே அதன் உணவு. அடுத்த ஆறு மாதமும் தாய்ப்பாலே உணவு. ஆக, ஆயிரத்தில் ஏறக்குறைய 450 நாட்கள் தாயின் தட்டே பிள்ளையின் தட்டு. அந்தத் தட்டைக் கவனியாமல், மூன்று வயதில் அங்கன்வாடிக்கு வரும் குழந்தையைத் தராசில் நிறுத்தி எடை குறைந்ததென்று புத்தகத்தில் எழுதுவது, விதை நெல்லைப் பதராக விட்டுவிட்டு அறுவடையன்று மரக்காலைப் பழிப்பதற்கு ஒப்பாகும்.

தாயின் தட்டு எப்படியிருக்கிறது? மேற்படி கணக்கின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள ஸ்திரீகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52.2. இருபது முதல் இருபத்துநான்கு வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 23.3 பேர் பதினெட்டு வயது நிரம்புமுன் விவாகமானவர்கள். தன் உடலே இன்னும் வளர்ந்து முடியாத சிறுமி, இன்னோர் உடலை வளர்க்கும்படி விதிக்கப்படுகிறாள். டயான் காஃபி என்ற ஆராய்ச்சியாளர், 2005-ஆம் வருஷக் கணக்குகளைக் கொண்டு 2015-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கர்ப்பந் தரிக்கும் தறுவாயில் இந்திய ஸ்திரீகளில் நூற்றுக்கு 42.2 பேர் எடை குறைந்தவர்கள் என்றும், ஸஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவில் அது 16.5 என்றும் அவர் கண்டார். அக்காலத்துக்குப் பிறகு நமது நிலை சற்றுத் திருந்தியிருக்கிறது. எனினும், நம்மைவிட ஏழையான நாடுகளின் பெண்கள் நம் பெண்களைவிட நன்கு உண்டு கர்ப்பந் தரித்தார்கள் என்ற உண்மை நம்மைத் தலைகுனிய வைக்கவேண்டும்.

இந்தப் புதிரை முன்பே அவிழ்த்தவர் நம்மவரே. இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் தலைவராயிருந்த வுலிமிரி ராமலிங்கஸ்வாமி, வேறு இருவருடன் சேர்ந்து 1996-இல் யூனிசெப் ஸ்தாபனத்தின் வெளியீட்டில் ஒரு கட்டுரை எழுதினார். தானியமும் வைத்திய வசதியும் அதிகமுள்ள தெற்காசியாவில் ஆப்பிரிக்காவைவிட அதிகமான குழந்தைகள் மெலிந்திருப்பானேன் என்பது கேள்வி. பெண்ணின் தாழ்ந்த நிலையே அதற்குக் காரணத்தின் ஆணிவேர் என்பது அவர்கள் கண்ட விடை. வீட்டில் ஆண்கள் உண்டு, பெரியவர்கள் உண்டு, குழந்தைகள் உண்டு, மிஞ்சியதை மருமகள் உண்பது என்ற வழக்கம் வடக்கே மட்டும் உள்ளதன்று. பால் முதலில் யாருக்கு, மீன் துண்டு யாருக்கு, முட்டை யாருக்கு என்பதைச் சமையலறையில் பசி தீர்மானிப்பதில்லை, அந்தஸ்து தீர்மானிக்கிறது. வயிற்றுப் பிள்ளை பெருத்தால் பிரசவம் கஷ்டமாகும் என்று அஞ்சிக் கர்ப்பிணிக்குச் சோற்றைக் குறைக்கும் வழக்கமும் நம் கிராமங்களில் இருந்துவருகிறது. படித்த குடும்பம், தேசாபிமானமுள்ள குடும்பம் என்பதால் இவ்வழக்கம் அவ்வீட்டு வாசற்படியோடு நின்றுவிடுவதில்லை.

இதற்கு ஆட்சேபணைகள் எழும் என்பதை அறிவோம். இந்தியர் பிறப்பிலேயே குள்ளமானவர், அயல் நாட்டு அளவுகோலால் நம் குழந்தைகளை அளப்பது தகாது என்பது ஒன்று. இது சுயமரியாதைபோல் தோன்றும் சோம்பல். உலக சுகாதார ஸ்தாபனம் 1997 முதல் 2003 வரை பிரேஸில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் நன்கு போஷிக்கப்பட்ட குழந்தைகளை அளந்து பார்த்தது. இந்தியக் குழந்தைகள் தெற்கு டில்லியில் அளக்கப்பட்டனர். ஆறு நாட்டுக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரேவிதமாகவே உயர்ந்தனர். அவ்வாராய்ச்சியைக் கொண்டுதான் 2006-இல் அளவுகோல் வகுக்கப்பட்டது. அந்த அளவுகோலில் இந்திய ரத்தமும் கலந்திருக்கிறது. குறை நம் குலத்தில் இல்லை; குலத்தைக் குற்றஞ்சாட்டிக் கடமையிலிருந்து நழுவ எவருக்கும் வழியில்லை.

தேசம் செல்வமடைந்தால் இது தானே தீரும் என்பது இரண்டாவது ஆட்சேபணை. நம் அயல் வீட்டைப் பார்ப்போம். வங்க தேசத்தில் உயரங் குன்றிய குழந்தைகள் 2011-இல் நூற்றுக்கு 41; 2022-இல் 24. பதினொரு வருஷத்தில் இவ்வளவு குறைப்பதற்கு அத்தேசம் கோடீசுவர தேசமாகும்வரை காத்திருக்கவில்லை. நம் தேசத்துக்குள்ளேயே, உயரங் குன்றியவர் கேரளத்தில் நூற்றுக்கு 23.4, தமிழ்நாட்டில் 25, பீஹாரில் 42.9. ஒரே கொடியின் கீழ், ஒரே அரசியல் சட்டத்தின் கீழ், இவ்வளவு வித்தியாசமிருக்குமானால், அதற்கு விதி காரணமாகாது. சர்க்கார்களின் செய்கையும் சமூகத்தின் நடத்தையுமே காரணமாகவேண்டும்.

அறியாமை என்றும் சொல்வதற்கில்லை. 1928-இல் லூஸி வில்ஸ் என்ற ஆங்கில வைத்தியப் பெண்மணி பம்பாய்க்கு வந்து, பஞ்சாலைத் தொழிலாளரான கர்ப்பிணிகளை வாட்டிய ரத்தசோகையை ஆராய்ந்தார். நம் நீலகிரியின் குன்னூரிலும் அவர் ஆராய்ச்சி செய்தார். ஈஸ்ட் சாரத்தைக் கொடுத்தால் அந்நோய் குணமாகிறதென்று 1931-இல் வெளியிட்டார். அச்சாரத்தில் இருந்த குணப்பொருள்தான் இன்று உலகமெங்கும் கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்தோடு சேர்த்துக் கொடுக்கப்படும் ஃபோலிக் அமிலம். நம் ஏழைத் தொழிலாளப் பெண்களின் ரத்தத்திலிருந்து உலகம் கற்றுக்கொண்ட பாடம் அது. ஆனால் 2019-21 கணக்கில், இரும்புச் சத்து மாத்திரையைக் கர்ப்ப காலத்தில் 180 நாட்களாவது உட்கொண்ட இந்தியத் தாய்மார் நூற்றுக்கு 26 பேரே. அதே கணக்கில் நூற்றுக்கு 88.6 பிரசவங்கள் வைத்திய நிலையங்களில் நடந்திருக்கின்றன. பிரசவ தினத்தன்று தாயைத் தேடிக் கொண்டுவந்து சேர்க்க சர்க்காருக்குத் தெரிகிறது. அதற்கு முந்தைய ஒன்பது மாதம் அவள் என்ன உண்டாள் என்று கேட்கத் தெரியவில்லை.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். மக்களின் போஷணை நிலையை உயர்த்துவது ராஜ்யத்தின் தலையாய கடமைகளுள் ஒன்று என்று நமது அரசியல் சட்டத்தின் 47-வது ஷரத்து கூறுகிறது. 2013-இல் பார்லிமெண்டு நிறைவேற்றிய தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் இரண்டு உரிமைகளை வழங்கிற்று. ஒன்று, கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின் ஆறு மாதமும் அங்கன்வாடி மூலம் இலவச உணவு. மற்றொன்று, நிரந்தர சர்க்கார் உத்தியோகத்திலுள்ளவர் போன்ற சிலர் நீங்கலாக, 6000 ரூபாய்க்குக் குறையாத பிரசவ உதவி. “ஒவ்வொரு” என்பதே சட்டத்தின் சொல்.

2017-இல் அந்தச் சட்டத்தை நிறைவேற்ற மத்திய சர்க்கார் ஒரு திட்டம் வகுத்தபோது, ஆறாயிரம் ஐயாயிரமாயிற்று; ஒவ்வொரு தாயும் முதற் குழந்தையின் தாய் மட்டுமாயினாள். 2022-இல் திட்டத்தைத் திருத்தி, இரண்டாவது குழந்தை பெண்ணாயிருந்தால் 6000 ரூபாய் என்று சேர்த்தார்கள். பெண் குழந்தைக்கு ஆதரவு தரவேண்டுமென்ற எண்ணம் போற்றத்தக்கதே. ஆனால், கருவிலுள்ள சிசு ஆணா பெண்ணா என்று பிறக்கும்வரை தெரியாது. தெரிந்துகொள்வதையும் சட்டம் தடுக்கிறது. அப்படியானால், இரண்டாவது கர்ப்பத்தின் ஒன்பது மாதமும், எந்த உதவியும் நிச்சயமின்றியே அவள் கழிக்கவேண்டும். உணவு வேண்டிய காலம் கழிந்த பிறகு பணம் வரும். ஆண் பிள்ளை பிறந்தால் அதுவும் வராது. வைத்திய சாஸ்திரப்படி பார்த்தாலோ, அடுத்தடுத்த கர்ப்பத்தில்தான் தாயின் உடலிலுள்ள இரும்புச் சத்து மேலும் கரைகிறது. அதிகம் தேவைப்படும் நேரத்தில் கையை மூடிக்கொள்ளும் திட்டம் இது.

இதோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டிய இன்னொரு சட்டமும் உண்டு. அதே 2017-இல், பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஸ்தாபனங்களில் சம்பளம் வாங்கும் பெண்களுக்கு 26 வாரம் சம்பளத்துடன் கூடிய பிரசவ விடுமுறை என்று பார்லிமெண்டு சட்டம் செய்தது. அதுவும் முதல் இரண்டு குழந்தைகளுக்கு. அச்சட்டத்தை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் நாற்று நடுபவளுக்கும், செங்கற் சூளையில் மண் சுமப்பவளுக்கும், வீட்டு வேலை செய்பவளுக்கும் அது எட்டவில்லை. ஒரே வருஷத்தில், உத்தியோகப் பெண்ணுக்கு இரண்டு பிள்ளை வரை ஆறு மாதச் சம்பளம்; கூலிப் பெண்ணுக்கு ஒரே பிள்ளைக்கு ஐயாயிரம். சிசுவின் பசியிலும் வகுப்பு பிரிப்பது எந்த நீதி என்று கேட்கிறோம்.

பணம் கொடுத்தால் ஜனத்தொகை பெருகும் என்று அஞ்சுவோருக்குத் தமிழ்நாடே பதில் கூறும். இங்கே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் 1987 முதல் பிரசவ உதவித் திட்டம் நடந்துவருகிறது. 2018-இல் அது 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இரண்டு பிரசவங்களுக்கு உண்டு. 2019-21 கணக்கின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை, தேச முழுவதற்கும் 2.0. உதவி பெற்ற தாய் அதற்காகப் பிள்ளைகளைப் பெருக்கவில்லை.

ஆயினும் தமிழ்நாடு மார்தட்டிக்கொள்ள இடமில்லை. சத்துணவையும் பிரசவ உதவியையும் முன்னின்று நடத்திய இந்த ராஜ்யத்திலேயே, ஸ்திரீகளில் நூற்றுக்கு 53.4 பேருக்கு ரத்தசோகை என்று அதே கணக்கு கூறுகிறது. பணம் அவசியம், பணம் மட்டும் போதாது என்பதே இதன் பொருள். பணம் குடும்பத்தின் கடனுக்குப் போகிறது. கர்ப்பிணிக்கென்று கொடுக்கும் சத்துமாவு வீட்டார் எல்லோருக்கும் பங்காகிறது. அதைத் தான் மட்டும் உண்ண எந்தத் தாய்க்கு மனம் வரும்? ஆகவே, சமைத்த உணவைத் தாயின் முன் இலையில் பரிமாறுவதே நேர்வழி. 2015-இல் தெலங்கானா, அங்கன்வாடியிலேயே கர்ப்பிணிகளுக்குத் தினம் ஒரு முழுச் சாப்பாடும், முட்டையும், பாலும் கொடுக்கும் திட்டத்தை ஆரம்பித்தது. 2017 அக்டோபர் 2-இல் கர்நாடகம் அதுபோன்ற திட்டத்தைத் தொடங்கிற்று. கூலிக்குப் போகும் பெண் நடுப்பகலில் அங்கன்வாடிக்கு வருவது எளிதன்று. மலைக் கிராமங்களில் தூரம் அதிகம். ஜாதி வேற்றுமையும் சில இடங்களில் கால்களைத் தடுக்கிறது. இக்கஷ்டங்களை நாம் மறைக்கவில்லை. வேலை செய்யுமிடத்துக்கு உணவைக் கொண்டுசெல்வதும், வேற்றுமை பாராட்டுவோரைக் கண்டிப்பதும் முடியாத காரியங்களல்ல.

இவ்வளவையும் யார் செய்வது? 1975 அக்டோபர் 2-இல் 33 இடங்களில் ஆரம்பமாகி இன்று ஏறக்குறைய 14 லட்சம் அங்கன்வாடிகளாக விரிந்திருக்கும் அமைப்பின் ஊழியப் பெண்மணிகளே செய்யவேண்டும். அவர்களுக்கு மத்திய சர்க்கார் 2018-இல் நிர்ணயித்த கௌரவ ஊதியம் மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. ராஜ்ய சர்க்கார்கள் தத்தம் சக்திக்கேற்பச் சேர்த்துக் கொடுக்கின்றன. 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு, இவர்களுக்குக் கிராஜுவிடி பெறும் உரிமை உண்டென்று தீர்ப்பளிக்க வேண்டியதாயிற்று. கர்ப்பிணிக்கு ஒரு நாள் போஷணைக்கு 2017-இல் வகுக்கப்பட்ட தொகையோ ஒன்பதரை ரூபாய். அதில் 600 கலோரியும் 18 முதல் 20 கிராம் புரதமும் கொடுக்கவேண்டுமாம்! ஒரு முட்டையின் விலையைச் சந்தையில் விசாரித்தவர் எவரும் இக்கணக்கைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று திகைப்பர்.

நமது கோரிக்கைகள் சிலவே. 2013 சட்டத்தின் “ஒவ்வொரு” என்ற சொல்லுக்கு உயிர் கொடுக்கவேண்டும். முதற் குழந்தை, பெண் குழந்தை என்ற வேலிகளை அகற்றவேண்டும். பிரசவ உதவியை விலைவாசியோடு உயர்த்தி, பெரும்பகுதியைக் கர்ப்ப காலத்திலேயே தாயின் கையில் சேர்க்கவேண்டும். எல்லா ராஜ்யங்களிலும் கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும் தினம் ஒரு வேளை சமைத்த உணவு, அதைத் தடுக்கும் கொள்கையில்லாதவர்க்கு முட்டையுடன், அளிக்கவேண்டும். அங்கன்வாடி ஊழியரை ஊதியமும் உரிமையுமுள்ள ஊழியராக நடத்தவேண்டும்.

தேசத் தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. சட்டசபைத் தேர்தலில் தெருவுக்குத் தெரு வாக்காளரை எண்ணத் தெரிந்த உங்களுக்கு, உங்கள் ஊரில் இன்று எத்தனை கர்ப்பிணிகள் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு மாத்திரை ஒழுங்காய்க் கிடைக்கிறது, எத்தனை பேருக்குப் பணம் வந்தது என்று எண்ணுவது அரிதன்று. அக்கணக்கைக் கிராமசபையில் உரக்கப் படியுங்கள்; வாக்குக் கேட்டு வருபவரிடம் அதை நீட்டிப் பதில் கேளுங்கள். அதற்கு முன், உங்கள் வீட்டில் இன்றிரவு கடைசியாக உண்பவர் யார் என்று பாருங்கள். பந்தியின் வரிசையை மாற்றுவதற்குச் சட்டமோ பட்ஜெட்டோ வேண்டியதில்லை. கர்ப்பிணிக்கு முதல் இலை போடுவது ஒவ்வொரு வீட்டிலும் வழக்கமாகட்டும். பிறகு, ஒவ்வொரு தாய்க்கும் சட்டப்படி சேரவேண்டியதைச் சர்க்காரிடம் உரிமையோடு கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம்.